மேல் விளிம்பு

ஷஹிந்தாவைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது? இருபத்திரண்டு வருடமாக நான் கெய்ரோவின் சந்துகளைப் படமெடுக்கிறேன். அவள் கைப்பேசியைத் தூக்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளர் கழுவுவதை எடுத்துப் போட்டால்கூட நான்கு லட்சம் பேர் பார்க்கிறார்கள். என் படத்தைப் பார்க்கச் சொல்லி என் அக்காவுக்கே நான் போன் போட வேண்டியிருக்கிறது.

இந்த வருடம் எங்கள் பேட்டைக் கலைக்கூடத்தில் ‘சாதாரணக் காலை’ என்று ஒரு கண்காட்சி. வாசலுக்கு நேர் எதிரே உள்ள பெரிய சுவரில் ஒரே ஒரு படம்தான் மாட்டுவார்கள். அந்தச் சுவர் எனக்கு வேண்டும். அதற்காக மூன்று மாதம் தினமும் சந்தில் கிடந்தேன். ரொட்டிக்கார ஸர்ஹான் தலையில் அகலமான தட்டோடு, ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டி வருவார். காலை ஏழு மணிக்கு அவர் வளைவில் திரும்பும்போது இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நான்கு நிமிடம் வெயில் விழும். தரையில் குப்புறப் படுத்து அதைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவள் வந்து நின்றாள்.

“உஸ்தாத், சட்டையெல்லாம் சேறு. எதுக்கு இப்படிப் படுத்துக் கிடக்கீங்க?”

“வேலை.”

“ஸர்ஹான் அண்ணனைத்தானே? நானும் அவரை எடுக்கணும். எங்க நின்னா நல்லா வரும், சொல்லுங்களேன். இந்தச் சந்து உங்களைவிட யாருக்குத் தெரியும்?”

எங்கே நின்றால் ஒன்றுமே தேறாதோ அந்த இடத்தைக் காட்டினேன். வளைவுக்கு அந்தப் பக்கம், கீரைக்கடை ஓரம், பொட்டு வெயில்கூட எட்டாத மூலை.

“அங்க போய் நில்லு. ஏழு மணிக்கு வெயில் கொட்டும்.”

“கடவுள் உங்களை நல்லா வச்சிருக்கட்டும், உஸ்தாத்.”

அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம். பசிகூட நன்றாக எடுத்தது.

பத்து நாள் கழித்துப் பெரிய சுவருக்கான படத்தை அறிவித்தார்கள். அவளுடையது. படம் முழுக்க நிழல். வளைவின் மேல் தாழ்ந்து நிற்கும் முதல் மாடிப் பால்கனியிலிருந்து ஒரு பெண்ணின் கை கீழே நீண்டு, ஸர்ஹானின் தலைத்தட்டிலிருந்து இரண்டு ரொட்டியை எடுக்கிறது. சைக்கிள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்னாலேயே அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை, அதுதான் கொடுமை.

திறப்பு நாளில் ஷஹிந்தா என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள்.

“இடத்தைக் காட்டினதே உஸ்தாத் வகீஹ்தான். வேற யாராவது இருந்தா சொல்லியிருப்பாங்களா?”

எல்லாரும் கைதட்டினார்கள். படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் நன்றி என்று போட்டு என் பெயர். நான் கேட்ட சுவரில்தான் இருந்தது. அவமானத்தில் காது சுட்டது. அப்படியும் பொறாமை குறையவில்லை.

இஸ்திரி போட்ட நீள அங்கியில் ஸர்ஹானும் வந்திருந்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அந்த பால்கனிப் பொண்ணு நாலு வருஷமா தினமும் இப்படித்தான் ரொட்டி எடுக்குது. நீங்களும் தினமும் எதிர்ல படுத்துக்கிட்டுப் பாத்துட்டுதானே இருந்தீங்க. நீங்க ஏன் இதை எடுக்கல?”

“நான் வேற படம் எடுத்துட்டு இருந்தேன், அண்ணே.”

“எங்களை விட்டா அங்க வேற என்ன இருந்துச்சு உஸ்தாத்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று மாதப் படங்களையும் திறந்தேன். பால்கனியின் இருட்டு கண்ணை உறுத்துகிறது என்று ஒவ்வொரு படத்திலும் மேல்பகுதியை வெட்டிவிடுவது என் வழக்கம். வெட்டுவதற்கு முந்தைய மூலப் படங்களை ஒன்றொன்றாகப் பார்த்தேன். நாற்பத்தோரு படங்களில் மேல் விளிம்பில் அந்தக் கை இருந்தது. ஒன்றில் மணிக்கட்டுவரை சோப்பு நுரை. இன்னொன்றில் விரல்கள் இருட்டிலிருந்து வெயிலுக்குள் இறங்கி, ரொட்டியைத் தொட ஒரு அங்குலம்தான் பாக்கி.

அது ஷஹிந்தாவின் படத்தைவிட நல்ல படம். எடுத்த தேதியைப் பார்த்தேன். நான் அவளிடம் பொய் சொல்வதற்கு ஒரு மாதம் முன்பு.