தாஜ்மஹாலுக்கு எதிர்ப்பக்கம்

குற்றாலலிங்கத்தின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்காகப் பழைய வேட்டியிலிருந்து ஒரு முழம் கிழித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டுத் தாசம்மாள் அதைச் சொன்னாள்.

"என்ன இருந்தாலும் உங்கப்பா கொடுத்து வச்சவரு கௌசல்யா. தாஜ்மஹாலைக் கண்ணால பாத்துட்டுல்லா போயிருக்காரு."

கௌசல்யாவின் கையில் துணி கோணலாகக் கிழிந்தது. இன்னொரு முழம் கிழித்தாள்.

அன்று காலை விடிவதற்கு முன்பே அவர் வழக்கம்போல எழுந்திருக்கிறார். கேரளத்துப் பழவங்காடியில் ஒரு சைவ ஓட்டலில் முப்பத்தெட்டு வருஷம் டீ மாஸ்டராக நின்றவர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. எழுந்து, பல் தேய்த்து, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆறு மணிக்கு அவர் மனைவி உலகம்மை வந்து, "என்ன, இன்னிக்குப் பேப்பர் வரலயா?" என்று கேட்டபோது பதில் வரவில்லை. தெருமுனை டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, "ஹார்ட்டுதான், ஒண்ணும் அறிஞ்சிருக்க மாட்டாரு" என்றார். முகத்தைப் பார்த்தால் அது உண்மைதான் போலிருந்தது. யாரோ சொல்லப்போகிற வேடிக்கைக் கதைக்குக் காத்திருக்கிற முகம்.

கௌசல்யாவுக்கு அழுகை வந்தது, போனது, மறுபடி வந்தது. அதை அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. தாங்க முடியாதது தாஜ்மஹால்தான்.

வந்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஆரியசாலை மிளகாய் மொத்தக்கடைக்காரர் மாலையைப் போட்டுவிட்டு, "போன வாரம் கடையில வந்திருந்து அரைமணிக்கூர் தாஜ்மஹால் கதை சொன்னாரு. நாங்க நேர்ல போய்ட்டு வந்தது போல இருந்துச்சு கேட்டோ" என்றார். பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் விற்கிறவரிடம், உடைத்த தேங்காயின் உள்பக்கம் எப்படியோ அப்படி ஒரு வெள்ளை என்று அப்பா சொல்லியிருக்கிறார். பூக்காரியிடம், கல்லைத் தொட்டால் கை குளிர்ந்து போகும் என்றாராம். வடக்கே போய்த் திரும்பிப் பதினோரு நாள்தான் ஆகிறது. அதற்குள் தெருவில் யாரையும் அவர் மிச்சம் வைக்கவில்லை.

குற்றாலலிங்கம் தாஜ்மஹாலைப் பார்க்கவே இல்லை. அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். இன்று காலையிலிருந்து ஒருத்தி.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உலகம்மை, வருகிற ஒவ்வொருவரிடமும், "ஆமா, அதைப் பாத்துட்டாரு. அந்த ஒரு ஆசைதான் அவருக்கு. மக கொண்டு காட்டிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதெல்லாம் மகளை ஒரு தரம் பார்த்தாள், பெருமையாக. அந்தப் பார்வை படும்போதெல்லாம் கௌசல்யா வேறு ஏதாவது வேலையைத் தேடிப்போனாள்.

பத்து மணிக்கு வன்னியராஜ் வந்தார். அதே ஓட்டலில் சப்ளையராக இருந்தவர், அப்பாவுக்கு உயிர்த்தோழர். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். தாசம்மாள் ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த பால் இல்லாத கட்டன்சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிங்கண்ணன் எந்திரிக்க முடியாததால தப்பிச்ச தாசம்மா. இல்லன்னா இதை ஓடையில ஊத்தியிருப்பாரு."

தாசம்மாளே சிரித்துவிட்டாள். அப்புறம் வன்னியராஜ் கௌசல்யாவின் பக்கம் திரும்பினார்.

"கடையில பாய்லருக்கு மேல அந்தத் தாஜ்மஹால் படம் இப்பவும் தொங்குது மக்கா. முப்பது வருஷம் ஆவியடிச்சுப் பழுத்துப்போன படம். நீங்க வந்ததுக்கு மறுநாள் அண்ணன் கடைக்கு வந்தாரு. படத்தை மேலயும் கீழயும் பாத்துட்டு, 'இது சரியில்லடே, நேர்ல வேற'ன்னாரு. எத்தற சந்தோஷம் அந்த முகத்துல."

கௌசல்யா தலையை ஆட்டினாள். அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நடந்தது இதுதான். அவள் அலுவலகத்தில் அவளை நாலு நாள் பயிற்சிக்கு டில்லிக்கு அனுப்பினார்கள். ஜனவரி மாதம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா முட்டுவேதனை என்று வரவில்லை. திரும்பும்போது டில்லியிலிருந்து காலை ரயிலில் ஆக்ராவில் இறங்கிக்கொள்வது, தாஜ்மஹால் பார்ப்பது, மத்தியானம் இரண்டரைக்கு அதே ஸ்டேஷனுக்கு வரும் ஊர் ரயிலில் ஏறிவிடுவது. காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது ரொம்ப அழகாக இருந்தது.

ஒன்பது மணிக்கு அங்கே போய் நின்றபோது எதிரே ஒன்றுமில்லை. பனி. வெள்ளையாகக்கூட இல்லை, அழுக்கு நிறத்தில். பத்தடிக்கு அப்பால் போன ஆள் மறைந்துபோனார். ஆனாலும் ஜனங்கள் வரிசையில் நின்று உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பக்கத்தில் போய்த் தொட்டாவது பார்க்கலாம் என்று நினைத்திருப்பார்கள்.

கௌசல்யா போகவில்லை. ஊரில் மஞ்சு என்று சொல்கிற மூடுபனியைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? முதல் வேலை மலையடிவாரத்து வித்துராவில். நாலு வருஷம் பொன்முடி மலையிலிருந்து மஞ்சு இறங்கிவந்து ரோட்டை மூடுவதையும், ஆபீஸில் பையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வருவதற்குள் விலகிப்போவதையும் தினமும் பார்த்தவள். "அரைமணிக்கூர்ல மாறிரும்ப்பா. ஒரு தடவைதான் உள்ள போக முடியும். நல்லாத் தெளிஞ்ச பிறகு போவோம்" என்றாள். அப்பா சரி என்றார். வடக்கத்திப் பனிக்குப் பொன்முடியைத் தெரியாது. அது அன்று முழுவதும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

இரண்டு மணிக்கு ரிக்‌ஷா பிடித்து ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். ரயில் அதே பனியால் அஞ்சு மணி நேரம் தாமதமாக வந்தது. அரைமணி, அரைமணி என்று அறிவித்துக்கொண்டே இருந்ததால் திரும்பிப் போகவும் முடியவில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து கௌசல்யா அழுதாள். "போட்டு மக்கா, சாரமில்ல" என்று முதுகில் தட்டிய அப்பா, ரயிலேறி நாக்பூர் தாண்டிய பிறகு, "ஊர்ல கேட்டா பாத்தோம்னே சொல்லிருவோம், என்ன?" என்றார். மகளின் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு நாளும் அவர் ஊரெல்லாம் அளந்த ஒவ்வொரு பொய்யும் தனக்காகத்தான் என்றே அவள் நினைத்தாள். உள்ளே போயிருந்தால் ஒரு கல்லையாவது தொட்டிருப்பார். தன் புத்திசாலித்தனம் அதையும் கெடுத்தது.

பதினொன்றரைக்கு அண்ணன் இசக்கி நாகர்கோவிலிலிருந்து வந்தான். நீர்மாலை எடுத்தார்கள், குளிப்பாட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். மூன்று மணிக்கு வண்டி தைக்காட்டு மயானத்துக்குப் புறப்பட்டது. உலகம்மை முக்கு வரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். எல்லோரும் குளித்தார்கள். தாசம்மாள் கஞ்சி வைத்துக்கொண்டு வருகிறேன் என்று போனாள். பின்கட்டில் ஈரத்தலையோடு அம்மாவும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள். வெயில் நன்றாக இருந்தது.

"இனி எனக்கு ஒரு குறையும் இல்லட்டீ" என்றாள் உலகம்மை. "பாக்க வேண்டியதைப் பாத்துட்டுப் போயிருக்காரு."

உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போய்விடும். சொல்லாவிட்டால் பதினாறு நாளும், அதற்கப்புறம் எத்தனை வருஷமோ அத்தனை வருஷமும், அந்தப் பெருமையான பார்வையைத் தின்றுகொண்டு இந்த வீட்டில் இருக்க வேண்டும். கௌசல்யாவால் அது முடியாது.

"பாக்கலம்மா."

"எதை?"

"தாஜ்மஹாலை. பாக்கல. ஒரே மஞ்சு. உள்ளேயே போகல. நான்தான் நிக்கலாம், மாறட்டும்னு சொன்னேன். மாறல. ரயிலுக்கு நேரமாச்சு, வந்துட்டோம். அப்பா ஊர்ல சொன்னதெல்லாம் சும்மா."

உலகம்மை தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள். அவள் முகத்தைப் பார்க்கக் கௌசல்யாவுக்குத் தைரியம் வரவில்லை.

"எத்தற நேரம் நின்னீங்க?"

"அஞ்சு மணிக்கூர்."

"அந்தக் குளிர்ல அஞ்சு மணிக்கூர் அவரு என்ன செய்தாரு?"

கௌசல்யா யோசித்தாள். அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. அன்று முழுக்க அவள் பனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்ப்பக்கம் ஒரு சாயாக்கடை. அங்க போய் உக்காந்தாரு."

"பிறகு?"

"அங்க பாலு, தேயிலை, இஞ்சி எல்லாம் ஒண்ணாப் போட்டுக் காய்ச்சுவாங்க. அப்பா கொஞ்ச நேரம் பாத்தாரு. பொறுக்கல. எந்திரிச்சுப் போயி, நான் போடட்டான்னு கையைக் காட்டுனாரு. அந்த ஆளும் சிரிச்சுக்கிட்டு விலகி நின்னாரு. அப்பா ஒரு கைக்குட்டையில தேயிலையைக் கட்டி, டிக்காஷன் இறக்கி, இந்த நீளத்துக்குத் தூக்கி ஆத்துனாரு. தெருவுல போறவன்லாம் நின்னுட்டான். எனக்கானா வெக்கம். தாஜ்மஹால் பாக்க வந்த இடத்துல இவரு சாயா அடிச்சுக்கிட்டு நிக்காரேன்னு."

"கைக்குட்டையிலயா?"

"ஆமா. அந்த ஆளு தன் சால்வையை எடுத்து அப்பாவுக்குப் போர்த்திவிட்டாரு. பேரு ராம்கிஷன். பாஷை ரெண்டு பேருக்கும் கிடையாது. ஆனா அஞ்சு மணிக்கூரும் பேசிக்கிட்டேதான் இருந்தாங்க. அவரு இஞ்சிச்சாயா வச்சு இவருக்குக் கொடுத்தாரு. இவரு குடிச்சுப் பாத்து, குத்தம் சொன்னாரு. அவருக்கு என்ன புரிஞ்சுதோ, விழுந்து விழுந்து சிரிச்சாரு. நான் போய்க் கூப்பிடும்போது பத்து பேரு வரிசையில நிக்கான். இவங்களுக்குக் கொடுத்துட்டு வாறேம்னாரு."

உலகம்மையிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று கௌசல்யா நிமிர்ந்தாள். அழவில்லை. உலகம்மை சிரித்துக்கொண்டிருந்தாள். துண்டை வாயில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர.

"அதான பாத்தேன்" என்றாள் மூச்சு வாங்கி. "நாப்பத்தோரு வருஷம் கூட இருந்தவ நான். ஓட்டலை விட்டு வந்த பிறகு ஆறு வருஷத்துல அந்த மாதிரி ஒரு முகத்தோட அவரு இந்த வீட்டுல நடமாடுனதில்ல. ஒரு கட்டடத்தைப் பாத்ததுக்கா இப்படி இருக்காருன்னு எனக்கு மனசு ஒப்பவே இல்ல. கேட்டா தாஜ்மஹால், தாஜ்மஹால்ங்காரு. இப்பல்லா தெரியுது."

அப்பாவின் சந்தோஷத்தை ஊரே பார்த்திருந்தது. பொய்யென்று நினைத்தவள் கௌசல்யா ஒருத்திதான். பிறகு அவள் அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து வராத மாதிரி அழுகை வந்தது. நல்ல அழுகை. உலகம்மை, "போட்டு, போட்டு" என்று அவள் ஈரமுடியைக் கோதிவிட்டாள்.

ஐந்தரைக்கு ஆண்கள் திரும்பி வந்து குளித்தார்கள். கஞ்சி குடித்த பிறகு இசக்கி, சாவுச்செய்தி சொல்ல வேண்டியவர்களின் பெயரெழுதிய ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"துஷ்டி சொல்ல யாரும் விட்டுப்போச்சாம்மா? கடையநல்லூர் சித்தப்பாவுக்கு போன் செய்தாச்சு. மதுரை மாமாவுக்குச் சொல்லியாச்சு. பிறகு நாமதான் சொல்லலன்னு சண்டைக்கு வருவாங்க."

"ஆக்ராவுல ஒருத்தரு இருக்காரு" என்றாள் உலகம்மை.

இசக்கி அம்மாவைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான். துக்கத்தில் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. கௌசல்யா எழுந்துபோய் ஒரு இன்லண்ட் லெட்டரைக் கொண்டுவந்தாள். கேரளத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த ஹிந்தி. எழுத்தைக் கூட்டிக் கூட்டி விலாசம் எழுதினாள். ராம்கிஷன், சாயாக்கடை, தாஜ்மஹாலுக்கு எதிர்ப்பக்கம், ஆக்ரா.

"இது எங்கட்டீ போய்ச் சேரும்?" என்றான் இசக்கி.

"தாஜ்மஹாலைத் தெரியாத தபால்காரன் அங்க உண்டா?" என்றாள் உலகம்மை. "நீ எழுது மக்கா. கைக்குட்டையில சாயா போட்டாருல்லா, அவரு போயிட்டாருன்னு எழுது. கஷ்டப்படாமப் போனாருன்னு எழுது."

கௌசல்யா எழுதினாள். இரண்டு வார்த்தை தெரியவில்லை. சுற்றிவளைத்து வேறு மாதிரி எழுதினாள்.

"அவ்வளவுதானம்மா?"

உலகம்மை கொஞ்சம் யோசித்தாள்.

"அவரு வீட்டுல எல்லாருக்கும் சுகமான்னு கேளு. அங்க குளிரு ஜாஸ்தில்லா."