மாமாவின் உப்பு

என் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து எங்கள் சமையலறையில் உப்பு, வெண்ணெய், முட்டையின் மஞ்சள் கரு எல்லாவற்றுக்கும் தடை. போகட்டும், மனுஷன் பிழைத்தாரே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் தொண்ணூறைத் தாண்டிய தன் அப்பாவுக்கும் அதே பத்தியத்தைப் போட்டாரே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே? எனக்கு வந்தது அவருக்கும் வரக்கூடாது" என்பார். நான் தலைகீழாக நின்றாலும் பிடித்த பிடியை விடமாட்டார்.

மாமா உப்பில்லாத காயைக் கிளறிவிட்டு அப்படியே வைத்துவிடுவார். சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. இவரோ பிரஷர் மெஷினைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு எப்படி இறங்கியிருக்கு பாரு" என்று பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி பூரித்துப்போவார். இறங்கிக்கொண்டிருந்தது பிரஷர் மட்டுமா?

போன வாரம் நாற்காலியிலிருந்து எழுந்த மாமா, கண் இருட்டிக் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இவரைத்தான் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பத்தியம் உங்களுக்குங்க. அவர் வயசுல பிரஷர் இவ்வளவு இறங்குறதும் உடம்பு இளைக்கிறதும்தான் ஆபத்து. அவரோட பிரஷர் மாத்திரையைக் குறைக்கிறேன். பிடிச்சதைக் குடுங்க. இனியும் சாப்பிடலைன்னா தாங்கமாட்டார்."

இவர் முகம் செத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் தானே கடைக்குப் போய் வெண்ணெய் வாங்கி வந்தார். நான் முழு முட்டையை அதில் பொரித்து, உப்புத் தூவி மாமாவிடம் நீட்டினேன்.

மாமா தட்டைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"வேண்டாம்மா. இவன் முன்னாடி தின்னா இவனுக்கும் ஆசை வரும். நெஞ்சு சரியில்லாத பையன்."

இத்தனை நாளும் மனுஷர் இதையா நினைத்துக்கொண்டு பட்டினி கிடந்தார்? இவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமா ஒரு துண்டை வாயில் வைத்தார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். இறங்கவில்லை. நான் கையை ஏந்தினேன், அதில் துப்பினார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. உடம்புதான் கேக்கல."

"அப்பா சாப்பிட்டாரா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து இவர் குரல் வந்தது.

நான் பதில் சொல்வதற்குள் மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். பல நாளாக வராத சத்தத்தில், "தட்டு காலிடா" என்றார்.

ஓரம் மட்டும் பிய்ந்த முட்டை என் மடியிலிருந்த தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.