செவஸ்தி வீட்டு வாசலில் ஒரு படப்பிடிப்பு

யோர்தானிஸ் ஹத்சோக்லு நாற்பத்து மூன்று படங்களில் நடித்தவன். நாடகப் பள்ளியில் உருவான கலைஞன் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். எழுதட்டும், அவர்களும் பிழைக்க வேண்டாமா. அவனுடைய முதல் கதாநாயகன் வேடம் என் சுண்ணாம்பு வாளியால் கைநழுவிப் போகவிருந்தது. அதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

நான் தார்சி. பிரேயஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொக்கினியாவில், அவன் அம்மா செவஸ்திக்கு எதிர்வீடு. துருக்கிக் கரையில் எங்கள் ஊர் ஸ்மிர்னா எரிந்தபோது உடுத்திய துணியோடு கப்பலேறி வந்தவர்கள் நாங்கள். குடும்பத்துக்கு இரண்டு அறை, பத்து வீட்டுக்கு ஒரு குழாய். ஏதென்ஸ்காரர்கள் எங்களைத் துருக்கிக்காரன் விதை என்றார்கள், அழுக்கு அகதிகள் என்றார்கள். நாங்கள் வாயால் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை தவறாமல் வாசற்படியைத் தேய்த்தோம், நடைபாதை ஓரத்துக்கு வெள்ளையடித்தோம். படி அழுக்காக இருக்கிற வீட்டில் எங்கள் ஆட்கள் பெண் எடுக்க மாட்டார்கள்.

யோர்தானிஸ் சினிமாவுக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. திருடனாக வந்தான், சர்வராக வந்தான், ஒரு படத்தில் பிணமாகவும் வந்தான். அந்தப் படத்துக்கும் தெருவே திரண்டு போனோம்.

"எவ்ளோ நல்லா செத்தான் பாத்தியா? கண்ணுகூட இமைக்கல" என்று செவஸ்தி ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

1957இல் கலானிஸ் என்கிற பெரிய இயக்குநர் அவனுக்குக் கதாநாயகன் வேடம் கொடுத்தார். துறைமுகத்தில் கரி இறக்கும் அகதி வீட்டுப் பிள்ளையின் கதை. எங்கள் தெருவிலேயே எடுக்கலாம் என்று சொன்னது யோர்தானிஸ்தான்.

"திங்கக்கிழமை வர்றாங்க சித்தி. ஒண்ணும் மாத்த வேணாம். இருக்கிறபடியே இருங்க, போதும்."

"சரிடா, சரிடா" என்றேன். கேமரா வரும்போது இருக்கிறபடியே இருப்பதற்கு எங்களுக்கு என்ன கிறுக்கா பிடித்திருக்கிறது? பதினேழு பெண்களைச் சேர்த்தேன். சனிக்கிழமை முழுக்கவும், ஞாயிறு பூசை முடிந்த பிறகும் வேலை. சுவர், படி, மரத்தடி, குழாயடிக் கல், எல்லாவற்றுக்கும் ஈஸ்டருக்கு அடிக்கிற மாதிரி வெள்ளை. சீதனப் பெட்டியிலிருந்த பின்னல் திரைகளை ஜன்னலில் மாட்டினோம். திங்கள் காலை கோயிலுக்குப் போகிற உடுப்பில் வரிசையாக நின்றோம்.

கலானிஸ் காரிலிருந்து இறங்கினார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"என்னய்யா இது? நான் கேட்டது சேரி. நீ காட்டுறது கல்யாண வீடு!"

"எப்பவும் இப்படித்தான் சார் இருக்கும். இன்னிக்கு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றான் யோர்தானிஸ்.

"எவன் நம்புவான்? லாரியில ஒரு பீப்பாய் சேறு இருக்கு. சுவத்துலயும் படியிலயும் அடிக்கச் சொல்லு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. இந்த வேஷத்துக்கு ஏதென்ஸ்ல இன்னொருத்தன் காத்துக்கிட்டு இருக்கான்."

ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த வேடத்தை நானே வெள்ளையடித்து அழித்துவிட்டேனே! ஒரு வாளி சேற்றைத் தூக்கிக்கொண்டு செவஸ்தி வீட்டுப் படிக்குப் போனேன்.

"நான் பண்ணின கூத்து. நானே ஊத்துறேன்."

செவஸ்தி என் கையைப் பிடித்தாள். "என் படிடி அது, நான் ஊத்துறேன். படியை நாளைக்குத் தேச்சுக்கலாம். அவனுக்கு நாளைக்கு இப்படி ஒரு வேஷம் வருமா?"

அவள் கண் கலங்கியதைப் பார்த்தபோது எனக்கு என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. யோர்தானிஸ் ஓடி வந்து வாளியைப் பிடுங்கினான்.

"நீ உள்ள போம்மா."

அவள் போனதும் தெருமுனைக்கு நடந்தான். கலானிஸ் எதிரில் நின்று வாளியைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டான். சேறு முகத்திலும் சட்டையிலும் வழிந்தது.

"எங்கப்பா கரி இறக்குனவர் சார். கருகருன்னு வருவார். எங்கம்மா ஒரு நாளும் அவரை அப்படியே படி ஏற விட்டதில்ல. அழுக்கு வேலையில இருந்துச்சு, வீட்டுல இல்ல. எனக்கு இப்படித்தான் நடிக்கத் தெரியும். வேணாம்னா அந்த இன்னொருத்தனையே கூப்பிடுங்க."

சொல்லிவிட்டு வெள்ளைத் தெரு நடுவில் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். கலானிஸ் கேமராக்காரரிடம் கையை மட்டும் அசைத்தார். கேமரா ஓட ஆரம்பித்தது எங்களுக்குத் தெரிந்தது. உள்ளே இருந்த செவஸ்திக்குத் தெரியாது.

காலடிச் சத்தம் கேட்டு வெளியே வந்தாள். பார்த்தாள். வேடம், இயக்குநர், சினிமா எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"நில்லுடா அங்கயே! படியில கால வச்ச, தொலைச்சுப்புடுவேன்! கழுதை வயசாச்சு, பன்னி மாதிரி வந்து நிக்குற பாரு!"

காதைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். குனிய வைத்தாள். தலை, முகம், கழுத்து என்று அரக்கித் தேய்த்தாள். அவன் சிரித்தான். பிறகு தண்ணீருக்கு அடியில் அழுதான், அதுவும் தெரிந்தது. கடைசியில் தலைத்துணியால் முகத்தைத் துடைத்து, இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில் முத்தம் வைத்தாள். எங்கள் பிள்ளை என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

கலானிஸ் மெதுவாகக் கிட்டே வந்தார். "அம்மா, ரொம்பப் பிரமாதம். இன்னொரு தடவை இதையே பண்ணுங்களேன். கேமராவைப் பக்கத்துல வச்சு எடுத்துக்குறோம்."

செவஸ்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்கு? எம்பிள்ளை சுத்தமாயிட்டான்."

கலானிஸ் லாரிக்காரரைக் கூப்பிட்டார். சேற்றுப் பீப்பாயை எடுத்துப் போகச் சொன்னார். அடுத்த காட்சி வீட்டுக்குள்ளே. எல்லாருக்கும் முன்னால் படியருகே போய் நின்று, காலணியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார்.