பொட்டு வைத்த நாற்காலி

இந்த நாற்காலியை எங்கேயோ பார்த்திருக்கிறேனே.

மகதலேனாவுக்கு அப்படித்தான் தோன்றியது. கிள்ளானில் அவள் வீட்டு வாசலில் கம்பெனி லோரி நின்றது. டிரைவர் ரெங்கசாமி கறுப்பு நாற்காலியை மூச்சு வாங்கத் தூக்கி வந்து, சாப்பாட்டு மேசையருகில் வைத்தார்.

இரண்டு வருஷமாக அந்த மேசைதான் அவளுடைய அலுவலகம். பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணையைக் கட்டி உட்கார்ந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் கம்பெனி நடத்தும் முதலாளி மெய்யப்பனின் இன்சூரன்ஸ் கோப்புகளைப் பார்த்துப் பார்த்து இடுப்பு விட்டுப் போயிருந்தது. நாற்காலி கேட்டு மூன்று முறை எழுதினாள். "பார்ப்போம்லா" என்பதே அவர் பதில். இப்போது பெரிய வாடிக்கையாளர் ஒருவர், வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள், படத்தோடு காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

"உக்காந்து சிரிம்மா தங்கச்சி, போட்டோ எடுக்கணும்."

உட்கார்ந்தாள். முதுகை யாரோ உள்ளங்கையால் தாங்கியது போலிருந்தது. அவளுக்கே தெரியாமல் கண் மூடிக்கொண்டது. கேட்டதைவிடக் குறைவாகக் கிடைத்தாலும் நன்றி சொல்லும் பழக்கம் தொண்டைவரை வந்தது. அப்போதுதான் நினைவு வந்து, கைபேசியில் அலுவலகக் குழுவைத் திறந்தாள்.

அவளைப் போலவே வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இதே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்த படங்கள்: நேற்று ரவாங்கில் வைஷ்ணவி. காலையில் ஜெஞ்சாரோமில் விமலன். இரண்டு படத்திலும் தலைசாயும் இடத்தில் சந்தனம், குங்குமம். எது வாங்கினாலும் கோயிலில் வைத்துப் பொட்டிடுவது மெய்யப்பன் வழக்கம். ஆனால் இரண்டிலும் குங்குமம் ஒரே மாதிரி இடப்பக்கம் வழிந்திருந்தது. திரும்பிப் பார்த்தாள். இங்கேயும் அதே வழிசல். ரெங்கசாமி படம் எடுத்து முடித்து, ஒரு தாளை நீட்டினார்.

"நாற்காலி கெடைச்சதுன்னு இதுல சைன் பண்ணும்மா."

மகதலேனா சிரித்துக்கொண்டே, முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள்.

"சரி, எந்திரி. தெலுக் பங்லிமா காராங் போகணும். சீதாலெட்சுமி காத்துக்கிட்டு இருக்கும்."

"நாற்காலியும் வருதாண்ணே?"

"வராம? வாங்குனதே ஒண்ணுதானே!" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அசையவில்லை. ரெங்கசாமி முதலாளியை அழைத்து, கைபேசியை அவளிடம் நீட்டினார்.

"மகதலேனா, கொஞ்சம் கோஆப்பரேட் பண்ணும்மா. எல்லாருக்கும் அப்புறம் வாங்கிடலாம்லா. இப்ப எந்திரிச்சுக் குடுத்துடு."

"கெடைச்சதுன்னு சைன் பண்ணிட்டேனே பாஸ். நான் எந்திரிச்சா அது பொய்யாயிடும்."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். பாதம் தரையில் படும்வரை நாற்காலியை இறக்கி, அடுத்த கோப்பைத் திறந்தாள். ரெங்கசாமி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"ஃபிளாஸ்க்ல தேத்தண்ணி இருக்குண்ணே," என்றாள் மெதுவாக. "நீங்களே ஊத்திக்குங்க. நான் எந்திரிக்கிறதா இல்ல."