ஏழு ஆம்பியர்

தீப்பிடித்து மூன்று மாதம் ஆகியும் அந்தக் கரண்ட் அடுப்பில் கருகல் நாற்றம் போகவில்லை. தம்பி மனைவி அதைப் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, மோட்டார் காயில் கட்டுபவரின் மேஜைமேல் வைத்தாள்.

"இதை அளந்து சொல்லுங்க மாமா. அடுப்பை அணைக்காம தண்ணி பிடிக்கப் போய், தூங்கிட்டிருந்த உங்க தம்பியைக் கொன்னுட்டேன்னு உங்க அக்கா மூஞ்சிக்கு நேராவே சொல்றாங்க. இருபது நிமிஷந்தான் போனேன். அதுக்குள்ள பிளக் உருகித் தீப்பிடிக்குமா?"

அவர் துண்டைப் பிரித்தார். அடுப்பின் காயிலில் மூன்று இடங்களில் முறுக்கு. மூன்றும் அவர் கைவேலை. அறுந்துபோகும்போதெல்லாம் கருகிய நுனிகளை வெட்டி எறிந்து, மிச்சத்தை இழுத்து முறுக்கிச் சேர்த்திருந்தார். புதுசு போடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்ததோடு சரி.

"உன் கைராசி தனிண்ணே! முன்னைவிடச் சீக்கிரமா கொதிக்குது" என்று கடைசித் தடவை தம்பி சிரித்தான். அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது எந்த மோட்டாரை ஓடவிட்டாலும் அந்த இரைச்சலுக்கு அடியில் அதே சிரிப்பு.

"நீங்க வாசிங்க, நான் எழுதறேன்." அவள் பென்சிலை எடுத்தாள்.

அவர் அடுப்பை மீட்டரோடு இணைத்துச் சுவிட்சைப் போட்டார். "வோல்ட் இருநூத்தி முப்பது."

காயில் சிவந்தது. ஆம்பியர் முள் நாலைத் தாண்டியது. நின்றுவிடு என்று மனசுக்குள் கெஞ்சினார். ஐந்து, ஆறு. ஏழில் வந்து நின்றது. மீட்டரின் முகம் அவர் பக்கம்தான் இருந்தது. நாலரைக்குக் கிட்ட என்று சொன்னால் போதும். அடுப்பு சரியாக இருந்ததாகிவிடும், பழி அவள் தலையிலேயே தங்கிவிடும்.

"எவ்வளவு மாமா?"

"ஏழு."

அவள் பெருக்கினாள். "ஆயிரத்து அறுநூத்திப் பத்து வாட்டா? அடியில ஆயிரம்னு தானே போட்டிருக்கு? உங்க மீட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"மீட்டர் சரியாத்தாம்மா இருக்கு." சுவிட்சை அணைத்துவிட்டுப் பென்சிலை வாங்கி, இருநூற்று முப்பதை ஏழால் வகுத்தார். "ரெசிஸ்டன்ஸ் முப்பத்துமூணு ஓம். அம்பத்துமூணு இருந்திருக்கணும். கம்பி நீளம் குறைஞ்சா ரெசிஸ்டன்ஸ் குறையும், கரண்ட் அதிகமா இழுக்கும். உங்க வீட்டு பிளக் அஞ்சு ஆம்பியர் தாங்கறது. தினம் கொஞ்சம் கொஞ்சமா உள்ளுக்குள்ளேயே வெந்துட்டு இருந்திருக்கு. நீ போனதால வந்தது இல்ல."

"கம்பி எப்படிக் குறைஞ்சுது?"

"நான் வெட்டினேன்."

சூடு தணியத் தணியக் காயில் டிக் டிக்கென்று சத்தம் போட்டது. அவள் அழவில்லை. தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"கீழ கையெழுத்துப் போடுங்க. உங்க அக்காகிட்டயும் நீங்களே சொல்லுங்க."

போட்டார். தாளை நாலாக மடித்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது வழக்கமாகச் சொல்லும் "வரேன் மாமா" இன்று வரவில்லை.

அவர் அக்காவின் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கத் தொடங்கியது. முதுகுக்குப் பின்னால் தம்பி ஸ்டூலை இழுத்துப்போட்டு, கேட்பதற்கென்று உட்கார்ந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்காமல், "அக்கா, நான்தான்" என்றார்.