குடித்திருந்தாராம்

தென்காசியில் ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துவதும் உள்ளூர்ச் செய்தி எழுதுவதும் என் வேலை. மாலையில் தட்டெழுத்து வகுப்பு. வகுப்பிலிருந்து வந்ததும் அன்று நடந்ததை வரிசையாக எழுதிவைப்பேன். எழுதினால் புத்தி தெளியும் என்று நினைப்பு. இந்த விஷயத்தில் தெளியவில்லை.

அறுபத்திரண்டாம் வருஷத்துச் சாரலில், குற்றாலத்தில் ஒரு தங்கும் விடுதியின் பின்படியில் கம்பித் தடுப்பு பெயர்ந்து, எண்ணெய் தேய்த்துவிடும் ஒலி முகம்மது பாறையில் விழுந்து செத்துப்போனார். விடுதி உரிமையாளர் வாஞ்சிநாதனிடம் விசாரித்தேன். "அந்த ஆள் குடிச்சிருந்தான்" என்றார்.

'குடித்திருந்தார் என்று உரிமையாளர் தெரிவித்தார்' என்று முதலில் எழுதினேன். தெரிவிப்பது என்றால் தெரிந்ததைச் சொல்வது. அவருக்குத் தெரியுமா? அடித்துவிட்டு 'கூறினார்' போட்டேன். அதுவும் உறுத்தியது. கடைசியில் 'குடித்திருந்தாராம்' என்று முடித்தேன். நாங்கள் பார்க்கவில்லை, காதில் விழுந்ததுதான் என்று அந்த 'ஆம்' சொல்லிவிடும் என்று நம்பினேன்.

ஆசிரியர் சிவசைலம் அண்ணாச்சி புரூப்பைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு எழுத்துல தப்பிச்சிட்டியேலே கணபதி! நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

பத்திரிகை வெளிவந்த பிறகு தாசில்தார் விசாரணை நடந்தது. நானும் போயிருந்தேன். கம்பியின் அடிப்பாகம் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது என்று தாசில்தார் வாசித்தார். உடம்பில் சாராயத்தின் அடையாளமே இல்லை என்று டாக்டர் சொன்னார். அவருக்கு அடுத்த நாற்காலியில்தான் வாஞ்சிநாதன் இருந்தார். வெளியே வந்ததும் கேட்டேன். துண்டால் விசிறிக்கொண்டே, "டாக்டர் என்னமும் சொல்லட்டும் தம்பி. குடிச்சவன் குடிச்சவன்தான். அப்படியே போடுங்க" என்றார்.

மறுநாள் ஒலி முகம்மதுவின் அக்கா ஹைருன் பீவி அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"இதை எழுதுனது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"குடிச்சிருந்தான்னு நேரா போட்டிருந்தா சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். ஆம்னு போட்டு ஊர் வாயில குடுத்திட்டியளே தம்பி! டீக்கடையில வச்சுப் படிக்கானுவ. 'குடிச்சிருந்தாராம்லா, குடிச்சிருந்தாராம்'னு இழுத்து இழுத்துச் சிரிக்கானுவ."

அவர் இழுத்த மாதிரியே என் காதில் அது திரும்பக் கேட்டது. எனக்குச் சந்தேகமாக இருந்த சொல் டீக்கடையில் ருசியாக இருந்திருக்கிறது. வம்பு பேசுகிறவர்களும் அதே 'ஆம்' போட்டுத்தான் பேசுகிறார்கள் என்பது எழுதும்போது எனக்குத் தோன்றவில்லை.

"அவன் பொண்டாட்டி புருஷன் செத்த இத்தாவுல இருக்கா, வாசலைத் தாண்ட முடியாது. அதான் நான் வந்தேன். எங்க அண்ணன் கிதிர் முகம்மது, குடிச்சுச் செத்தவனுக்கு எங்க வாப்பா வீட்டுல வச்சு நாப்பதாம் பாத்திஹா ஓத விடமாட்டேங்குதான். பேப்பர்ல வந்தது பேப்பர்லயே அழியணும்ங்குதான். அந்த ஆளு சொன்னது பொய்னு போடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

நாற்பதாம் நாளுக்கு முன்னால் ஒரே ஒரு இதழ்தான் பாக்கி இருந்தது.

அவர் போன பிறகு அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய்ங்கிறது வார்த்தை இல்லலே. வக்கீல் நோட்டீஸ்."

"டாக்டர் சொன்னதைப் போடலாம்லா அண்ணாச்சி?"

"போடுவோம். ஆனா பொய்னு சொல்லணும்னா, தெரிஞ்சே சொன்னான்னு நமக்குத் தெரியணும். அவன் மனசுக்குள்ள நீ போய்ப் பாத்தியா?"

"டாக்டர் சொல்லும்போது பக்கத்து நாற்காலியிலதான் இருந்தாரு. அப்புறமும் அதையேதான் சொன்னாரு."

"அவன் காதுல விழுந்ததுன்னு உனக்கு எப்படித் தெரியும்? குற்றாலத்துல பாதிப் பேருக்கு அருவிச் சத்தத்துல காது மந்தம்லே."

சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

அன்று முழுக்கச் சொல் தேடினேன். 'தவறானது' என்றால் கணக்கில் வரும் தவறு மாதிரி இருந்தது. 'உண்மைக்கு மாறானது' என்றால் உண்மை ஒரு பக்கமும் இது ஒரு பக்கமும் மரியாதையாக நிற்பது போலத் தோன்றியது. 'பொய்' என்று எழுதி அண்ணாச்சியிடம் நீட்டினேன். அவர் அதை அடித்துவிட்டு, 'மது அருந்தியதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை எனத் தெரிகிறது' என்று தன் கையால் எழுதினார். இற்றுப்போன கம்பிக்கு இடமில்லை என்றார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று பட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான் படும்.

இதழ் வந்த காலையில் டீக்கடையில் நின்று கேட்டேன். ஒருவர் படித்தார். இன்னொருவர், "ஆதாரம் கிடைக்கலையாம்ல! எங்க ஊத்துனானோ, அருவியே கழுவிட்டுப் போயிட்டுபோல" என்றார். சிரிப்பு. என் டீயைக் குடித்து முடித்தேன்.

நாற்பதாம் நாள் மத்தியானம் பத்திரிகையோடு, அண்ணன் தம்பி குடும்பம் சேர்ந்திருந்த அந்த வாப்பா வீட்டுக்குப் போனேன். பந்தல் இல்லை. முற்றத்தில் பாய் மட்டும் விரித்திருந்தது. ஓத வந்த ஹஜ்ரத்தும் சொந்தக்காரர்கள் சிலரும் உட்கார்ந்திருந்தார்கள். பின்கட்டில் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. சோறு ஆக்கியது ஹைருன் பீவியின் பிடிவாதம். அண்ணன் சரி என்றால்தான் பாத்திஹா.

கிதிர் முகம்மதுவுக்கு அரபுத்தமிழ்தான் வாசிக்கத் தெரியும். அரபு எழுத்தில் இருந்தால் தமிழை வேகமாகப் படிப்பார். எங்கள் பத்திரிகை அவருக்கு வெறும் தாள். "எழுதுனது நீங்கதான? நீங்களே படிங்க" என்றார்.

கதவுக்குப் பின்னால் வளையல் இல்லாத ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது.

தலைப்பைப் படித்தேன். டாக்டர் பெயரைப் படித்தேன். பிறகு அண்ணாச்சியின் வரி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "ஒலி முகம்மது குடிக்கவில்லை. கம்பி இற்றுப்போயிருந்தது. விடுதிக்காரர் சொன்னது பொய்" என்று படித்தேன். குரல் மாறவில்லை.

கிதிர் முகம்மது என்னைப் பார்த்தார். "பொய்னே போட்டிருக்கா?"

"ஆமா" என்றேன்.

பத்திரிகையை வாங்கி அந்த வரி எங்கே என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தை அவர் தடவிப் பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஹஜ்ரத், ஓதுங்க" என்றார். ஹைருன் பீவி அழவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டார்.

ஒரே தட்டைச் சுற்றி எல்லோரோடும் உட்கார்ந்து நெய்ச்சோறு தின்றேன். ருசி தெரியவில்லை. என்றைக்காவது படித்த பையன் ஒருவன் அந்த மடிப்பைப் பிரித்து வாசிப்பான் என்று நினைத்தேன். அதை நினைத்தும் மனசு உறுத்தவில்லை.

வகுப்பு முடிந்து வந்து வழக்கம்போல எழுதினேன். 'பத்திரிகையில் அவ்வாறே உள்ளது என்று கூறினேன்' என்று வந்தது. 'கூறினேன்' என்பதை அடித்து வேறு சொல் போடப் பேனாவை எடுத்தேன். போடவில்லை.