அளவாக இருந்த சீருடை

மகளைத் திக்குவாய் என்று பள்ளியில் கேலி செய்தார்கள். தாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் புள்ளைக்கு நானே சொல்லித் தரேன்" என்று வீராப்பாக அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். தையல் கம்பெனி வேலையையும் விட்டாள்.

கணவனின் சம்பளம் கைக்கும் வாய்க்குமே சரியாகப் போனது. அதனால் அதே பள்ளியின் சீருடைகளை வீட்டில் தைக்க வாங்கினாள். முதலில் காலையில் பாடம், பிறகு தையல். நாளடைவில் தையல்தான் மிஞ்சியது. மகள் உட்கார்ந்து பொத்தான் தைத்தாள்.

இன்று மெஷினை விட்டு நிமிர்ந்தபோது, மகள் புதுச் சீருடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

"அ... அம்மா, நல்லாருக்கா?"

தாய் எழுந்து வந்து காலரை நீவிவிட்டாள். வாயில் வந்ததோ வேறு.

"கழட்டுடி, கசங்கிடப் போகுது. சாயங்காலம் கொடுத்தாகணும்."